பாம்பு தேடும் இடமும் வெப்பமும்: நெய்வேலி வட்டார விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்கழி மாதத்து விடியற்காலை. கோழிக் கொட்டகையைத் திறக்கிறீர்கள். குஞ்சுகளுக்காகப் போட்ட பல்புக்குக் கீழே ஒரு பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது. நம்மில் பலருக்கு முதலில் கை போவது தடிக்குத்தான். ஆனால் அடிக்கப் போனவரே கடிபடுவது நம் கிராமங்களில் புதிதல்ல. அந்தப் பாம்பை அடித்துவிட்டாலும் பல்பும், எலியும், சந்தும் அங்கேயே இருக்கும். ஒரு வாரத்தில் இன்னொரு பாம்பு வரும்.

பாம்பு உங்களைத் தேடி வருவதில்லை. உடம்புக்கு ஏற்ற வெப்பம், ஒளிந்துகொள்ள ஓர் இடம், தின்ன இரை, இவை மூன்றும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கே அது தங்கும். வீட்டைச் சுற்றி இவை கிடைக்காமலும், வயல் ஓரத்தில் கிடைக்கும்படியும் நீங்கள் செய்துவிட்டால் பாம்பு வயலில் இருக்கும்; உங்கள் பிள்ளைகள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

"பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்க்கலாமா?" என்று இளைஞர்கள் கேட்பதும் இப்போது அதிகமாகி இருக்கிறது. அதற்கான பதிலும், அதில் உள்ள சட்டமும் இந்தக் கட்டுரையில் உள்ளன.

பாம்புக்கு வெப்பம் ஏன் தேவை?

மாடு, ஆடு, கோழி போன்றவை தின்னும் தீனியிலிருந்து உடல் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பாம்பால் அது முடியாது. வெயிலிலோ, சூடான மண்ணிலோ, கல்லிலோ படுத்துத்தான் அது உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். சூடு அதிகமானால் நிழலுக்கோ வளைக்கோ போய்விடும். நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வசதியான வெப்பம். குளிர்ந்தால் தின்ற எலிகூடச் செரிக்காது. 40 டிகிரிக்கு மேல் தரையில் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் சிறிது நேரத்திலேயே செத்துவிடும்.

முட்டை பொரியவும் வெளிச்சூடு வேண்டும். எருக்குழியிலும் மக்கிய குப்பையிலும் சில சமயம் பாம்பு முட்டைகள் கிடைப்பது அதனால்தான். மக்கும் எரு தானே சூடாக இருக்கும். மலைப்பாம்பு மட்டும் இதில் தனி ரகம். தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசைகளை நடுங்கச் செய்து சூடு உண்டாக்கி அடைகாக்கும்.

பருவத்துக்குப் பருவம் பாம்பின் இடம் மாறும்

நெய்வேலி, மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கங்களில் முந்திரி, பலா, நெல், கரும்பு, நிலக்கடலை எல்லாம் அருகருகே இருக்கின்றன. சுரங்கத்தை ஒட்டி மண்மேடுகளும் புதர்களும் உண்டு. நகரியத்துக் குடியிருப்புகளிலும் மரமும் தோட்டமும் நிறைய. எலியும் தவளையும் உள்ள இந்த இடங்கள் எல்லாமே பாம்புக்கும் ஏற்றவை. ஆனால் வருடம் முழுவதும் அது ஒரே இடத்தில் இருப்பதில்லை.

- மார்கழி, தை: இரவு குளிர்வதால் காலை வெயிலில் வரப்பு, களம், தார்ச்சாலை, மண்மேடு ஆகியவற்றின் மேல் வந்து படுக்கும். சம்பா அறுவடையும் இதே நேரம்தான். கதிர்க் கட்டைத் தூக்கும்போது கவனம் தேவை.
- பங்குனி முதல் வைகாசி வரை: பகல் வெயில் தாங்காமல் வளையிலும் சருகுக்குள்ளும் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் நடமாடும். தண்ணீர்த் தொட்டி, பம்புசெட் வாய்க்கால், வாழைத் தோப்பு போன்ற குளிர்ந்த இடங்களைத் தேடும். முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலமும் இதுவே.
- ஆனி, ஆடி, ஆவணி: குஞ்சுகள் வெளிவரும் காலம். கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டி போடும். ஒரே தடவையில் 20 முதல் 40 வரைகூட இருக்கும். பிறந்த குட்டிக்கும் விஷம் உண்டு. சின்னப் பாம்புதானே என்று கையில் எடுக்காதீர்கள்.
- ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழையில் வளைகளில் தண்ணீர் புகும். பாம்புகள் மேட்டைத் தேடி வரப்புக்கும், திண்ணைக்கும், மாட்டுக் கொட்டகைக்கும் வரும்.

எந்தப் பாம்பு எங்கே தங்கும்?

எல்லாப் பாம்பும் ஒரே மாதிரி இடத்தை விரும்புவதில்லை. இதைத் தெரிந்துவைத்திருந்தால் கை வைக்கும் முன்பே எச்சரிக்கையாக இருக்கலாம்.

நல்ல பாம்பு: எலிவளை, கறையான் புற்று, வைக்கோல் போரின் அடிப்பகுதி, தானியக் கிடங்கு. எலி இருக்கும் இடமெல்லாம் வரும். படம் எடுத்துச் சீறி எச்சரிக்கும். அப்போது அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்கினால் போதும்.

கட்டுவிரியன்: பகலில் செங்கல் அடுக்கு, எலிவளை, இடிந்த சுவர்ச் சந்து ஆகியவற்றில் கிடக்கும். இரவில்தான் வெளியே வரும். மற்றப் பாம்புகளையும் பிடித்துத் தின்னும். தரையில் படுத்திருப்பவர்களை இரவில் கடிப்பது பெரும்பாலும் இதுதான். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாது என்பதால் பலர் பூச்சி கடித்ததாக நினைத்துத் திரும்பவும் தூங்கிவிடுகிறார்கள். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கோடுகள் வால் பக்கம் தெளிவாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்குத் தலைப்பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். ஆனால் இரவு வெளிச்சத்தில் இதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டுவிரியன் என்றே எண்ணி விலகுங்கள்.

கண்ணாடி விரியன்: முந்திரிச் சருகு, புல்வெளி, நெல் வரப்பு, கரும்புச் சோகை. நிறம் சருகோடு கலந்துவிடும். ஆள் வரும் சத்தம் கேட்டும் நகராமல் கிடந்து, குக்கர் விசில் போல உரக்கச் சீறும். முந்திரித் தோப்பில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும் கையால் சருகைக் கிளறுபவர்களுக்கும் இதனால்தான் ஆபத்து.

சுருட்டை விரியன்: வறண்ட செம்மண், கல் குவியல், காய்ந்த மட்டை, மரப்பட்டைக்கு அடியில். சிறியது, உடம்பை வளைத்து உரசி 'சரசர' என்று ஒலி எழுப்பும்.

இந்த நான்கும்தான் நம் நாட்டில் அதிக உயிர்ச்சேதத்தை உண்டாக்குபவை. அரசு மருத்துவமனையில் போடப்படும் விஷமுறிவு மருந்தும் இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவதே.

சாரை, தண்ணீர்ப் பாம்பு, பச்சைப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி ஆகியவை கடித்து மனிதர் சாவதில்லை. சாரை எலிவளைக்குள்ளேயே புகுந்து எலியைப் பிடிக்கும். நல்ல பாம்பும் சாரையும் இணையும் என்பது தவறான நம்பிக்கை. பின்னிப் பிணைந்து நிற்பவை பெரும்பாலும் சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகள்.

வீட்டைச் சுற்றி இடம் கொடுக்காதீர்கள்

1. விறகு, செங்கல், சாம்பல் கல், ஓடு ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். 20 அடியாவது தள்ளி, கல் மேல் பலகை போட்டுத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் பாம்பு தங்காது.

2. வைக்கோல் போரையும் எருக்குழியையும் வீட்டிலிருந்து விலக்கி அமையுங்கள். எரு அள்ளும்போது முதலில் கொத்து, மண்வெட்டியால் கிளறிவிட்டு அள்ளுங்கள். பாம்பு முட்டை தென்பட்டால் உடைக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். அந்தப் பகுதியை விட்டுவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். நல்ல பாம்பு முட்டையாக இருந்தால் தாய் அருகிலேயே இருக்கலாம்.

3. கதவுக்கும் தரைக்கும் இடையில் விரல் நுழையும் சந்து இருந்தால் குட்டிப் பாம்பு நுழையும். ரப்பர் பட்டை அடித்து மூடுங்கள். சாக்கடைக் குழாய் வாயிலும் சுவர்த் துளையிலும் கால் அங்குலக் கண் கொண்ட கம்பி வலை பொருத்துங்கள்.

4. நெல், கடலை மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு அடி இடம் விடுங்கள். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும். வீட்டருகே எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி, பொறிக்கூண்டு ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

5. பம்புசெட் கொட்டகையில் மோட்டாரும் ஸ்டார்ட்டர் பெட்டியும் ஓடி நின்ற பின்னும் சூடாக இருக்கும். குளிர் காலத்தில் அதன் பின்னால் பாம்பு ஒதுங்கலாம். இருட்டில் கையை விட்டு சுவிட்சைத் தேடாதீர்கள். கதவருகிலேயே ஒரு பல்பும் சுவிட்சும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பூண்டு, பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டால் பாம்பு வராது என்று நம்பி இருக்க வேண்டாம். கார்பாலிக் அமிலம் குழந்தைகளுக்கும் மாட்டுக்கும் ஆபத்தானது.

கோழிக் கொட்டகையும் குஞ்சுப் பல்பும்

முதல் வாரத்துக் குஞ்சுக்கு 35 டிகிரி வரை வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவுக்குக் குறைத்துக்கொண்டே வருவோம். இரவில் ஊரே குளிரும்போது அந்த ஒரு மூலை மட்டும் சூடாக இருக்கும். தீவனத்துக்கு எலி வரும், முட்டைக்கும் குஞ்சுக்கும் பாம்பு வரும்.

குஞ்சு வளர்க்கும் அறைக்குத் தரையிலிருந்து 3 அடி உயரம் வரை கால் அங்குலக் கண் கம்பி வலை அடியுங்கள். வலையின் கீழ்ப்பகுதியை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள். சாதாரணக் கோழி வலையின் கண் பெரியது; பாம்பு உள்ளே நுழைந்து, குஞ்சை விழுங்கியபின் வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்கும். தீவன மூட்டையை அதே அறையில் வைக்காதீர்கள். மாலையில் முட்டைகளை எடுத்துவிடுங்கள். அடைக்கோழிக் கூடையைத் தரையில் வைக்காமல் மேடையில் வையுங்கள். முட்டை எடுக்கக் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தோட்டத்துக்குப் பழைய மீன் வலையை வேலியாகக் கட்டுவது நம் பக்கம் வழக்கம். சாரையும் நாகமும் அதில் சிக்கி, இறுகி, வெயிலில் காய்ந்து சாகின்றன. உயிரோடு சிக்கிய பாம்பை விடுவிக்கப் போய்க் கடிபட்டவர்களும் உண்டு. வலை கட்டியே ஆகவேண்டும் என்றால் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்திக் கட்டுங்கள்.

வயலில் இடம் விடுங்கள்

வீட்டிலிருந்து விரட்டிய பாம்பு வயலில் இருப்பது நமக்கு லாபம். நெல், கரும்பு, கடலை மூன்றிலும் எலியால் வரும் சேதம் உங்களுக்கே தெரியும். சம்பளம் இல்லாமல் இரவு முழுவதும் எலி பிடிக்கும் வேலையாள் சாரையும் நாகமும். ஆட்கள் நடக்காத ஒரு மூலையில் புற்று, கல் குவியல், புதர் ஆகியவற்றைக் கலைக்காமல் விடுங்கள். வயலில் ஆந்தை அமரப் பறவைத் தாங்கியும் நட்டுவைக்கலாம். எலி விஷத்தை வரப்பெங்கும் தூவினால் விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பாம்பும் செத்து, அடுத்த போகத்தில் எலி இன்னும் பெருகும்.

வேலை செய்யும்போது முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸ் போடுங்கள். முந்திரிக் கொட்டை பொறுக்கும் முன் மரத்தடிச் சருகை நீண்ட கழி கொண்டு ஒதுக்குங்கள். பொறுக்கும் வேலையைப் பகல் வெளிச்சம் உள்ளபோதே முடித்துக்கொள்ளுங்கள். இரவுத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச் கட்டாயம். கட்டிலும் கொசுவலையும் இருந்தால் கட்டுவிரியன் கடியிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.

பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி நம் நாட்டுப் பாம்பைப் பிடிப்பது, கொல்வது, வீட்டில் அடைத்து வைப்பது, விற்பது எல்லாம் குற்றம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. புலி, யானைக்குத் தரப்படும் அதே பாதுகாப்பு. 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் கிடைக்கும். "அடிக்கவில்லை, பாசமாகத்தான் வளர்த்தேன்" என்பது வழக்கில் எடுபடாது.

மண்ணுளி விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். செம்மண்ணும் மணலும் கலந்த தோப்புகளில் இது புதைந்து வாழும். வால் மழுங்கி இருப்பதால் "இருதலைப் பாம்பு" என்பார்கள். அதற்கு ஒரு தலைதான். எடை கூடினால் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் விலை போகும் என்று தரகர்கள் ஆசை காட்டுவார்கள். முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்களும், பாம்போடு பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்களும் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் உண்டு. தோப்பில் அதைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களுக்கு

நகரங்களில் சிலர் பால் பைத்தான், கார்ன் ஸ்னேக் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை வளர்க்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் கடத்தி வந்த பால் பைத்தான்கள் பிடிபடுவது அடிக்கடி செய்தியாகிறது. பால் பைத்தான் போலப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனங்களை வைத்திருப்பவர், 2024-இல் வந்த உயிருள்ள விலங்கு இனங்கள் பதிவு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீதும் பதிவும் இல்லாமல் யார் விற்றாலும் வாங்காதீர்கள். வளர்க்க முடியவில்லை என்று தோப்பிலோ ஏரியிலோ விடவும் கூடாது.

சட்டப்படி வைத்திருப்பவர்கள், அதிலும் நம் வெயில் பகுதியில் இருப்பவர்கள், கவனிக்க வேண்டியவை:

- ஒரு பெட்டியில் ஒரே ஒரு பாம்பு. இரண்டு இனங்களை ஒன்றாக அடைத்தால் நோய் பரவும்; ஒன்றை ஒன்று தின்னவும் செய்யும். புதிதாக வந்ததைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வைக்க வேண்டும்.
- வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலமுள்ள பெட்டி. மூடிக்குப் பூட்டு கட்டாயம். காற்றுத் துளை விரல் நுழையாத அளவு.
- பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறு பக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, மறு பக்கம் 25 முதல் 27 டிகிரி. கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 31, மறு பக்கம் 24 டிகிரி அளவு. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வேண்டும்.
- சூட்டு விரிப்பு பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். வெப்பத்தைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். பாம்புக்குத் தோல் வெந்தாலும் உடனே விலகத் தெரியாது. பல்பு உள்ளே இருந்தால் சுற்றிக் கம்பிக் கூண்டு தேவை.
- நெய்வேலி வெப்பத்தில் வருடத்தின் பெரும்பகுதி ஹீட்டரே தேவைப்படாது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் பார்த்துப் போடலாம். இங்கே பாம்பு சாவது குளிரால் அல்ல, சூட்டால்தான். கண்ணாடிப் பெட்டியை வெயில் படும் ஜன்னலருகிலோ, மூடிய காரிலோ, சிமெண்ட் அட்டைக் கூரையின் கீழோ வைத்தால் அடுப்பாகிவிடும்.
- மின்வெட்டின்போது குளிராக இருந்தால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு பக்கம் வையுங்கள். கோடையில் ஈரச் சாக்கை வெளிப்பக்கம் போர்த்துங்கள். குடிக்கவும் உடம்பை நனைக்கவும் கவிழாத தண்ணீர்த் தட்டு எப்போதும் இருக்க வேண்டும்.

இருளர்களின் மண்பானை

விஷப் பாம்பைச் சட்டப்படி, பாதுகாப்பாக வைத்திருப்பது எப்படி என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத்தோல் வணிகத்துக்குத் தடை வந்து இருளர்கள் பிழைப்பை இழந்த நேரத்தில், ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில், முன்பு சொன்ன அந்த நான்கு இனங்களை மட்டும் பிடித்து வருவார்கள். பாதியளவு மணல் நிரப்பிய மண்பானையில் பாம்பை விட்டு, வாயைப் பருத்தித் துணியால் கட்டுவார்கள். பானை வரிசைகள் நிழலான கொட்டகையில் இருக்கும். சுட்ட மண் வழியே காற்றும் ஈரமும் போய்வருவதால் உள்ளே குளிர்ச்சி. இருட்டாக இருப்பதால் பாம்பு வளைக்குள் இருப்பது போல அமைதியாகக் கிடக்கும். மூன்று, நான்கு வாரங்களில் சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கும்வரை அதே பாம்பைத் திரும்பப் பிடிப்பதில்லை.

இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தலைமுறை அறிவும் அரசு அனுமதியும் உள்ளவர்களே ஒரு மாதத்துக்கு மேல் பாம்பை வைத்திருப்பதில்லை. பானையைப் பார்த்து யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால்

பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். 6 அடிக்கு மேல் தள்ளி நின்று, ஒருவர் மட்டும் பாம்பின் மேல் கண் வையுங்கள். மற்ற அறைக் கதவுகளை மூடி, கதவடிச் சந்தில் ஈரத்துணியைச் செருகுங்கள். வெளிவாசலைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் தானே போய்விடும். தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள். வனத்துறைக்கும் தகவல் கொடுக்கலாம். கூடையால் மூடுவது, கொதிநீர் ஊற்றுவது, செல்போனில் படம் எடுக்க நெருங்குவது வேண்டாம்.

கடித்துவிட்டால்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். நேரத்துக்கு மருத்துவமனை சேர்ந்திருந்தால் இவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

- கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடித்த கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல மட்டை வைத்து அசையாமல் செய்யுங்கள்.
- மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள்.
- கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலை வைத்து நேரம் கடத்தாதீர்கள்.
- உடனே 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். தாமதம் ஆகும் என்றால் இரு சக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம்.
- பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. மருத்துவர் அறிகுறியைப் பார்த்தே சிகிச்சை செய்வார்.
- இரவில் தூங்கியவருக்கு விடியற்காலையில் வயிற்று வலி, இமை சரிவு, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை தெரிந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியுள்ளது. அதன்படி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எவ்வளவு மருந்து தேவை என்பது இதனால் தெரியவரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று இப்போதே நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அவசரத்துக்கு வண்டி எடுத்து வருபவரின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள்: சுவரை ஒட்டிய விறகு, கோழிக் கொட்டகை வலை, கதவடிச் சந்து, தரையில் விரித்த பாய். இந்த நான்கையும் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.